நேரம் காக்கும் சங்கிலி: பேராக் பட்டறைகளின் வழியே ஒரு பயணம்

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் திறனைக் கூட்ட விரும்புவோர் முதலில் மாற்ற நினைக்கும் உறுப்பு பெரும்பாலும் கேம்ஷாஃப்ட்டாகவே இருக்கிறது. முட்டை வடிவ மேடுகளைச் சுமந்து சுழலும் இத்தண்டு, காற்றும் எரிபொருளும் உள்ளே வரும் வால்வையும் எரிந்த புகை வெளியேறும் வால்வையும் உரிய வேளையில் திறந்து மூடுகிறது. மேடுகளின் உயரத்தையும் அகலத்தையும் கூட்டினால், வால்வு கூடுதலாகத் திறந்து, கூடுதல் நேரம் திறந்து நின்று, உயர் வேகத்தில் எஞ்சின் கேட்கும் காற்றை அளிக்கிறது. ஆனால் கேம்ஷாஃப்ட் தானாகச் சுழல்வதில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டின் இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் அதை இழுத்துச் சுழற்றுவது பல எஞ்சின்களில் டைமிங் செயின் எனப்படும் சங்கிலியே. தண்டைப் பார்த்துப் பார்த்து வாங்குவோர் பலர் இச்சங்கிலியைக் கடைசியில்தான் எண்ணிப் பார்க்கிறார்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், காரையும் கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளையும் திறன் கூட்டி ஓட்டும் ஆர்வம் தமிழ் இளைஞரிடம் பரவலாகக் காணப்படுகிறது. அம்மாநிலத்தின் தெற்கு எல்லையில் தொடங்கி, ஈயமும் ரப்பரும் வளர்த்த ஊர்களின் வழியே வடக்கே செல்லும் பயணிக்கு, சங்கிலியைப் பற்றிய கேள்விக்கு ஒவ்வோர் ஊரும் ஒரு கோணத்தைக் காட்டுகிறது. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது: சங்கிலியைத் தேர்வதற்கான அளவுகோல் அதன் தடிப்பு அன்று; புதிய தண்டு கேட்கும் நேரத்தை அது எவ்வளவு காலம் பிறழாமல் காக்கும் என்பதே.

தஞ்சோங் மாலிம்

கோலாலம்பூரிலிருந்து வரும் பழைய சாலை பெர்ணம் ஆற்றைக் கடந்ததும் சிலாங்கூர் முடிந்து பேராக் தொடங்குகிறது. 1922-இல் நிறுவப்பட்ட சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரியால் மலாய்க் கல்வி வரலாற்றில் இடம்பெற்ற தஞ்சோங் மாலிம், வழிப்போக்கர்களுக்கு ஆவியில் வெந்த பாவ் பலகாரத்தின் ஊர். எஞ்சின் பிரியர்களுக்கோ அது புரோட்டோன் கார் ஆலையின் ஊர். 2004-இல் வெளிவந்த புரோட்டோன் ஜென்-2 காரில் இடம்பெற்ற காம்ப்ரோ எஞ்சின், பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கப்பட்டது. 1,597 கன சென்டிமீட்டர் கொள்ளளவில் நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில் ஏறத்தாழ 110 குதிரைத்திறனைத் தந்தது. 2008-இல் வந்த அடுத்த வடிவத்தில், குறைந்த வேகத்துக்கு ஒரு மேடும் உயர் வேகத்துக்கு வேறொரு மேடும் வால்வை இயக்கும்படி செய்து, காற்று உள்ளிழுக்கும் குழாயின் நீளமும் மாறும்படி அமைத்ததால், அத்திறன் ஏறத்தாழ 125 குதிரைத்திறனாக உயர்ந்தது. மேட்டின் வடிவம் எஞ்சினின் இயல்பை எவ்வளவு மாற்றும் என்பதற்கு உள்நாட்டிலேயே கிடைக்கும் சான்று இது.

ஆனால் காம்ப்ரோவில் கேம்ஷாஃப்ட்டை இழுப்பது சங்கிலி அன்று, உட்புறம் பற்கள் கொண்ட பெல்ட். கண்ணாடி இழைகள் பொதித்த செயற்கை ரப்பரால் ஆன டைமிங் பெல்ட் எண்ணெய் கேட்பதில்லை, ஓசையும் குறைவு. எனினும் அதற்கென்று விதிக்கப்பட்ட காலம் முடிந்ததும் மாற்றியாக வேண்டும். 2005-இல் வெளிவந்து மலேசியச் சாலைகளை நிறைத்த பெரோடுவா மைவியின் 1.3 லிட்டர் எஞ்சினோ சங்கிலியைக் கொண்டது. ஆகவே இங்குள்ள இளைஞர் ஒருவர் கேம்ஷாஃப்ட் வாங்கும்போது, தம் எஞ்சின் பெல்ட்டைச் சார்ந்ததா சங்கிலியைச் சார்ந்ததா என்பதே முதல் கேள்வியாகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணிக்கு இந்த வேறுபாடு உடனே உறைக்கும். 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் என்ஃபீல்டு புல்லட்டின் பழைய எஞ்சினில் கேம்கள் பற்சக்கரங்களாலேயே சுழற்றப்பட்டன. அங்குப் புல்லட்டைத் திறன் கூட்டியவர்களுக்குச் சங்கிலித் தேர்வு என்ற கேள்வி எழவே இல்லை. பேராக்கின் கப்சாய்களிலோ கேம்ஷாஃப்ட் எஞ்சினின் உச்சியில் அமர்ந்திருப்பதால், கீழிருந்து மேல்வரை ஓடும் நீண்ட சங்கிலியே அந்த எஞ்சினின் உயிர்நாடி.

பத்து காஜா, தஞ்சோங் துவாலாங்

வடக்கே செல்லச் செல்லச் செம்பனைத் தோட்டங்கள் சாலையின் இருபுறமும் அடர்கின்றன. ஒரு காலத்தில் இந்நிலத்தின் பெரும்பகுதி பால் மரங்கள் எனப்படும் ரப்பர் மரங்களால் நிறைந்திருந்தது. அம்மரங்களைச் சீவியவர்களில் பெரும்பான்மையோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். பத்து காஜாவுக்கு அருகே, ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுபோன கெல்லி மாளிகையின் அண்மையில், தமிழ்த் தொழிலாளர்கள் வணங்கிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது.

அங்கிருந்து தெற்கே, தஞ்சோங் துவாலாங்கில் நீர்நிலையில் நிற்கிறது டிடி5 என்னும் ஈயம் வாரும் கப்பல். 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த இந்த 4,500 டன் இயந்திரம், தொடராகக் கோக்கப்பட்ட இரும்பு வாளிகளால் நீரடி மண்ணை அள்ளி மேலே கொண்டுவந்து, ஈயத் தாதைப் பிரித்தெடுத்தது. டைமிங் செயினைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இவ்வாளித் தொடரின் அடியில் சற்று நேரம் நிற்பது நல்லது. ஏனெனில் கண்ணுக்குள் அடங்காத அத்தொடரும் உள்ளங்கைக்குள் அடங்கும் எஞ்சின் சங்கிலியும் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியோடு ஒரு பின்னால் இணைகிறது. அந்தப் பின் புஷ் எனப்படும் குழலுக்குள் திரும்புகிறது. தொடர் வளையும் ஒவ்வொரு முறையும் பின்னும் புஷ்ஷும் உரசுகின்றன.

பட்டறைகளில் "செயின் நீண்டுவிட்டது" என்று சொல்லப்படுவது இந்த உரசலின் விளைவே. தகடுகள் இழுபட்டு நீள்வதைவிட, ஒவ்வோர் இணைப்பிலும் பின்னும் புஷ்ஷும் சிறிது சிறிதாகத் தேய்வதால் ஏற்படும் இடைவெளிகள் கூடியே சங்கிலியை நீளச் செய்கின்றன. கேம்ஷாஃப்ட்டின் பற்சக்கரத்தில் 40 பற்கள் இருப்பதாகவும், கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம் 9.525 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், ஒரு பல் என்பது கிராங்க்ஷாஃப்ட்டில் 18 பாகைக்குச் சமம். எனவே சங்கிலியின் இறுக்கப் பக்கம் அரை மில்லிமீட்டர் மட்டும் நீண்டாலே கேம்ஷாஃப்ட் கிராங்க் கணக்கில் ஏறத்தாழ ஒரு பாகை பின்தங்குகிறது. உயர்ந்த மேடுகள் கொண்ட புதிய தண்டில், மூடிவரும் வெளியேற்றும் வால்வுக்கும் மேல்முனையை நெருங்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள வெளி ஏற்கெனவே குறுகியிருப்பதால், இந்தப் பின்தங்கல் கீழ் வேகத்தின் இழுவிசையைக் குறைப்பதோடு, அளவு மீறினால் வால்வும் பிஸ்டனும் மோதும் ஆபத்தையும் நெருங்கச் செய்கிறது.

ஈப்போ, புந்தோங்

சுண்ணாம்புக்கல் குன்றுகள் திடீரென நிலத்திலிருந்து எழுந்து நிற்கும் கிந்தா பள்ளத்தாக்கின் நடுவே இருக்கிறது ஈப்போ. தைப்பூச நாளில் காவடிகள் சென்றடையும் குனோங் செரோ கல்லுமலைக் கோயில் அத்தகைய குன்று ஒன்றின் அடிவாரத்தில் அமைந்தது. நகரின் மேற்கே தமிழர் அடர்ந்து வாழும் புந்தோங்கில், எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் முறுக்கும் ஓமப்பொடியும் வறுத்த கடலையும் செய்து கச்சாங் பூத்தே என்ற பெயரில் நாடெங்கும் விற்கிறார்கள். எண்ணெய் காயும் மணமும் எஞ்சின் ஆயில் மணமும் ஒரே தெருவில் கலந்துவரும் இப்பகுதியில், போர்மேன் என்று மரியாதையுடன் அழைக்கப்படும் மூத்த மெக்கானிக்குகளைச் சந்திக்க முடிகிறது. அவர்களில் சிலரின் தந்தையர் தோட்டத்து லாரிகளையும் ரப்பர் ஆலையின் எஞ்சின்களையும் பராமரித்தவர்கள்.

இங்கே பழைய மினி, மோரிஸ் மைனர் கார்களைப் பேணுவோர் இன்னும் இருக்கிறார்கள். அவற்றின் பி.எம்.சி. ஏ-வரிசை எஞ்சின், சங்கிலித் தேர்வுக்கு மிகத் தெளிவான பாடம். சாதாரண மினியில் ஒற்றை வரிசைச் சங்கிலி, அதாவது சிம்ப்ளெக்ஸ் போதுமானதாக இருந்தது. ஆனால் பந்தயத்தை மனத்தில் கொண்டு 1963-இல் வெளியான கூப்பர் எஸ் வகைக்கு இரட்டை வரிசைச் சங்கிலியாகிய டூப்ளெக்ஸ் பொருத்தப்பட்டது. உயர்ந்த மேடுகளுக்கும் உயர் வேகத்துக்கும் விறைப்பான வால்வு ஸ்பிரிங்குகள் தேவை. மேடு ஏறும்போது ஸ்பிரிங் தண்டைத் தடுத்துப் பிடிக்கிறது, இறங்கும்போது அதையே முன்னே தள்ளுகிறது. இந்த மாறிமாறி வரும் இழுப்பை இரண்டு வரிசைகள் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொரு பின்னின் மீதும் விழும் அழுத்தம் குறைந்து தேய்மானம் மெதுவாகிறது. இன்றும் சாதாரண மினிக்குப் புதிய தண்டு போடுவோர் டூப்ளெக்ஸ் தொகுப்பு வாங்குவது வழக்கம். அகன்ற சங்கிலி முன்தகட்டின் இரண்டு திருகுத் தலைகளில் உரசும் என்பதால், அவற்றைத் தகட்டுக்குள் அமிழும் திருகுகளாக மாற்ற வேண்டும் என்பதைப் புந்தோங்கின் போர்மேன்கள் தவறாமல் நினைவூட்டுகிறார்கள்.

இதிலிருந்து, இரட்டைச் சங்கிலி எப்போதும் சிறந்தது என்று முடிவு செய்வது பிழை. 20 பற்கள் கொண்ட கிராங்க் பற்சக்கரம் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் சுழன்றால், சங்கிலி மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அவ்வேகத்தில் சங்கிலியின் சொந்த எடையே அதை வெளிநோக்கி இழுக்கிறது; எடை இரட்டித்தால் அந்த இழுப்பும் இரட்டிக்கும். கேம்ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளேயே இருக்கும் மினி போன்ற எஞ்சினில் சங்கிலி குட்டையானது என்பதால் கூடுதல் எடை பெரிய குறையன்று. தலைப்பகுதியில் கேம்ஷாஃப்ட் அமைந்த எஞ்சினில், நீண்ட சங்கிலியை இலேசாக வைத்து, அதைத் தளராமல் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனரையும் அது சாய்ந்து ஓடும் வழிகாட்டிப் பட்டைகளையும் நல்ல நிலையில் வைப்பதே சரியான வழி. அத்தகைய எஞ்சின்களில் பல, உருளைகள் இல்லாமல் தகடுகளே பற்களாகக் கவ்வும் ஓசையற்ற சங்கிலியைப் பயன்படுத்துகின்றன. அதற்கெனச் செதுக்கப்பட்ட பற்சக்கரத்தில் உருளைச் சங்கிலியை மாட்ட முடியாது என்பதால், அங்குத் தேர்வு என்பது வகையைப் பற்றியதன்று, தரத்தைப் பற்றியது.

தரத்தைக் காணும் வழிகளும் பட்டறைப் பேச்சில் தெளிவாகக் கிடைக்கின்றன. உருளைச் சங்கிலியில் உருளைகள் உண்மையிலேயே சுழல்கின்றனவா, அல்லது அசையாத புஷ்கள் உருளைபோலத் தோற்றமளிக்கின்றனவா என்று விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். பற்சக்கரம் எஃகால் ஆனதா, பற்களின் மேற்பரப்பு வெப்பப் பதனிட்டுக் கடினமாக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். கிராங்க்ஷாஃப்ட்டின் இருக்கைகளைப் புதிதாகக் கடைந்து நேராக்கிய எஞ்சினில் கிராங்க்குக்கும் கேமுக்கும் இடையே உள்ள தூரம் சற்றுக் குறைந்திருக்கும். அங்கு வழக்கமான சங்கிலி முதல் நாளே தளர்ந்து தொங்கும் என்பதால் அளவு குறைத்த சங்கிலி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் வலியுறுத்துவது அளத்தலை. பாகைத் தட்டு எனப்படும் 360 பாகை குறித்த வட்டத் தகட்டைக் கிராங்க்ஷாஃப்ட்டில் மாட்டி, பிஸ்டனின் மேல்முனையை, பிஸ்டன் ஸ்டாப் எனப்படும் நிறுத்தியால் துல்லியமாகக் கண்டு, வால்வு முழுதாகத் திறக்கும் இடத்தை டயல் கேஜால் அளந்து, தண்டு செய்தவர் கொடுத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால், பல சாவிப் பள்ளங்கள் வெட்டிய கிராங்க் பற்சக்கரத்தாலோ, திருகுகளைத் தளர்த்தி நகர்த்தக்கூடிய கேம் பற்சக்கரத்தாலோ அதைச் சரிசெய்யலாம். தண்டைச் சிறிது முன்னே நகர்த்தினால் கீழ் வேகத்தின் இழுவிசை கூடுகிறது. பின்னே நகர்த்தினால் மேல் வேகத்தின் திறன் கூடுகிறது. ஆகவே நகர்த்தும் வசதியுள்ள தொகுப்பை வாங்குவது ஆடம்பரமன்று, வேலையின் ஒரு பகுதி.

சுங்கை சிப்புட்

ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட்டின் பெயர் மலாயா வரலாற்றில் 1948 ஜூன் 16-ஆல் நிலைத்தது. அன்று எல்பில் தோட்டத்திலும் அதன் அண்டைத் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீடிழந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவிய வீ. தி. சம்பந்தனும் இவ்வூர்க்காரரே. எல்பில், ஹீவுட், டோவன்பி என்ற தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் வாழ்கின்றன. லயத்து வீடுகள் பல மறைந்துவிட்டன. பால் மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன.

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்குக் கப்சாய் நகரத்து வேலைக்கான பாலமாயிற்று. அவர்களின் பிள்ளைகளுக்கு அதுவே இயந்திரக் கல்வியின் முதல் பாடநூலாகவும் ஆயிற்று. யமஹாவின் 135 கன சென்டிமீட்டர் எல்.சி., அதன்பின் 2015-இல் மலேசியாவுக்கு வந்த ஒய்15 ஆகியவை, நீர்க்குளிர்ச்சியும் நான்கு வால்வுகளும் தலையில் ஒரே கேம்ஷாஃப்ட்டும் கொண்டவை; பந்தயத் தண்டு பொருத்துவதற்கு இளைஞர் விரும்பித் தேர்பவை. 1994-இல் தொடங்கிய மலேசியக் கப் பிரிக்ஸ் போட்டிகள் இந்த ஆர்வத்துக்கு முறையான களத்தையும், தண்டு, ஸ்பிரிங், சங்கிலி என ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சோதனைக்கூடத்தையும் அளித்தன.

ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் வெடிப்புகளுக்கிடையே நீண்ட இடைவெளி இருப்பதால் கிராங்க்ஷாஃப்ட் சீராகச் சுழல்வதில்லை. அந்தத் துடிப்பு முழுவதும் சங்கிலியில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 83 முறைக்கு மேல் திறந்து மூடும்போது, தளர்ந்த பக்கத்துச் சங்கிலி அலையாக அடித்து, தானியங்கி டென்ஷனரைப் பின்னுக்குத் தள்ளக்கூடும். இதனால்தான் பந்தய எஞ்சின்களில் திருகால் இறுக்கிப் பூட்டும் கைமுறை டென்ஷனரை விரும்புகிறார்கள். ஆனால் அதை அளவுக்கு மீறி இறுக்கினால் வழிகாட்டிப் பட்டையும் சங்கிலியும் விரைவில் தேயும். நாள்தோறும் வேலைக்குச் செல்லும் வண்டியில், நல்ல நிலையிலுள்ள தானியங்கி டென்ஷனரே பொருத்தமானது. அழுத்தத்தைக் கூட்டுவதற்காகத் தலைப்பகுதியைச் சீவினால் கேம்ஷாஃப்ட் கீழிறங்கி, சங்கிலி தளர்ந்து, வால்வு நேரமும் பின்தங்கும். அங்கும் நகர்த்தக்கூடிய பற்சக்கரமே துணை.

சாலையோரத் தகரக் கூரைப் பட்டறையில், தே தாரிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு மூத்த போர்மேன் ஒருவர் தம்மிடம் வந்த இளைஞரிடம் சொல்வது இவ்வளவே: "தம்பி, பழைய செயினோட புது கேம் போடாதே. ரெண்டும் சேர்ந்து புதுசா இருக்கணும், பற்சக்கரமும் டென்ஷனரும் அப்படித்தான்." "சரிண்ணே" என்று கேட்டுக்கொள்ளும் இளைஞர், செலவைக் குறைக்க எண்ணி வந்தவர். பழைய பற்சக்கரத்தின் தேய்ந்த பற்கள் புதிய சங்கிலியையும் விரைவில் தேய்த்துவிடும் என்பதே அந்த அறிவுரையின் காரணம். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டும் வழக்கத்தை இதே மூத்தவர்கள் கடுமையாகக் கண்டிக்கிறார்கள். திறன் கூட்டிய வண்டிக்குரிய இடம் பந்தயத் திடல் என்பதை அவர்கள் அறிவுரையாக அன்றி நிபந்தனையாகவே வைக்கிறார்கள்.

கோலகங்சார்

பேராக் ஆற்றின் கரையில், அரச நகரான கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்தின் அருகே முதிர்ந்த ரப்பர் மரம் ஒன்று வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. 1877-இல் இந்நகரில் நடப்பட்ட கன்றுகளில் எஞ்சியது எனக் கருதப்படும் இம்மரத்தின் இனமே, தமிழர் வாழ்வை இத்தீபகற்பத்தோடு பிணைத்தது. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1880-இல், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் புஷ்ஷும் உருளையும் கொண்ட சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய டைமிங் செயினின் அடிப்படை அதுவே. மோட்டார் வண்டி பெருகியபோது அதன் சக்கரத்துக்கு ரப்பரும் எஞ்சினுக்குச் சங்கிலியும் தேவைப்பட்டன. முதலாவதைத் தந்த உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகள் இன்று இரண்டாவதை அளந்து பொருத்தும் வல்லுநர்களாக நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில் இந்த அறிவு வளரும் நிலை வேறு. அங்கே ரோலான் என்ற பெயரில் எல்.ஜி.பி. நிறுவனம் சங்கிலி செய்கிறது. 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயங்களும் நடக்கின்றன. செய்பவரும் சோதிப்பவரும் ஒரே நகரில் இருப்பதால் பட்டறை அறிவு நிறுவன அறிவாக எளிதில் மாறுகிறது. பேராக்கின் தமிழ்ப் பட்டறைகளில் அதே அளவு நுண்மையான அறிவு வாய்மொழியாகவே கைமாறுகிறது. ஈப்போவில் 1969 முதல் இயங்கும் உங்கு ஓமார் பாலிடெக்னிக், மலேசியாவின் முதல் பாலிடெக்னிக். அதன் வாயிலை எட்டும் தோட்டப்புறப் பிள்ளைகள், பட்டறையில் பழகிய பாகைத் தட்டையும் டயல் கேஜையும் வகுப்பறைக்கு எடுத்துச் செல்லும் வாய்ப்பு பெற வேண்டும்.

கேம்ஷாஃப்ட்டை மாற்ற நினைப்பவருக்கு இப்பயணம் தரும் முறை எளியது. முதலில் எஞ்சினின் அமைப்பையும் புதிய ஸ்பிரிங்குகளின் விறைப்பையும் எட்ட விரும்பும் உச்ச வேகத்தையும் அறிந்து, அவற்றுக்கு ஏற்பச் சங்கிலியின் வகையையும் வரிசையையும் முடிவு செய்ய வேண்டும். பிறகு பற்சக்கரங்களையும் டென்ஷனரையும் வழிகாட்டிப் பட்டைகளையும் சங்கிலியோடு சேர்த்து ஒரே தொகுதியாக வாங்க வேண்டும்; பொருத்தியபின் பாகையை அளந்து, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள வெளியைச் சரிபார்க்க வேண்டும்; உரிய காலத்தில் எண்ணெயை மாற்றிச் சங்கிலியைப் பேண வேண்டும். இவ்வரிசையில் எதையும் தவிர்த்து, விலை உயர்ந்த பெட்டியின் மேல் உள்ள பெயரை மட்டும் நம்புவோர் தண்டுக்குக் கொடுத்த பணத்தின் பயனை அடைய மாட்டார்கள். புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் உள்ள மூத்த போர்மேன்கள் இதைப் பல்லாண்டுகளாகச் செய்து காட்டி வருகிறார்கள். அவர்கள் ஓய்வுபெறும் முன் அந்த அறிவைத் தமிழில் எழுதிப் பதிவு செய்வது, தோட்டங்களின் வரலாற்றைப் பதிவு செய்வதற்குச் சற்றும் குறையாத கடமை.